வக்கீலுக்கு ஒரு லிப்ட்

லிப்ட்காரரும் அவர் மனைவியும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திய வருடத்தில் பிறந்த பிள்ளைகள் இப்போது ஓட்டுப் போட்டு, போட்டதற்கு வருத்தமும் பட்டுக்கொண்டிருக்கிறார்கள். சண்டை எதனால் வந்தது என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. யார் மேல் தப்பு என்பது மட்டும் இரண்டு பேருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது.

அவர் உயரமான கட்டடங்களுக்கு லிப்ட் மாட்டியும் பழுது பார்த்தும் ஓய்வு பெற்றவர். அம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். அந்தக் காலத்தில் ஊருக்குள் யார் யாருடன் பேச வேண்டுமென்றாலும் அவள் விரல் பட்டுத்தான் பேசியாக வேண்டும். "பேசுங்க, லைன்ல இருக்காங்க" என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சொந்த லைனைப் பிடுங்கி வைத்துவிடுவாள்.

நடுவில் மகள். மற்ற குழந்தைகள் முதலில் அம்மா என்றோ அப்பா என்றோ சொல்லும். இவர்கள் பாப்பா வாய் திறந்து முதலில் சொன்னது, "சொல்லச் சொன்னாங்க." பள்ளியில் அவளைச் சுற்றுலா அழைத்துப் போனபோது, குழாய் சரிபார்க்க வந்த ஆளை இவர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். குழாய் அன்றைக்கே சரியாகிவிட்டது. ஆள்தான் பாப்பா திரும்பி வந்த பிறகு வெளியே போனார், தொண்டை கட்டிப்போய். அதற்கப்புறம் அந்தத் தெருவுக்கே குழாய்க்காரர்கள் வருவதில்லை.

பாப்பாவுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன்னால் மூன்று தட்டு வைத்த கம்பிக்கூண்டு ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினாள். உள்ளே இரண்டு ஜீவன்கள். எலிக்கும் அணிலுக்கும் நடுவில் ஒரு உடம்பு, யானைக்குட்டியிடம் கடன் கேட்டது போல ஒரு காது, நுனியில் பெயின்ட் பிரஷ் ஒட்டிய வால்.

"வாழ்நாள் பூரா எலி கடிச்ச ஒயரை மாத்தினவன் நான். என் வீட்டுக்குள்ளயே எலியா?" என்றார் லிப்ட்காரர்.

"எலி இல்லப்பா, டேகு. அண்ணன் தம்பி. பிரிச்சு வெக்கக் கூடாது, ஒத்தையா இருந்தா ஏங்கிப் போயிடும்." பாப்பா ஒரு முறை அப்பா பக்கமும் ஒரு முறை அம்மா பக்கமும் திரும்பிச் சொன்னாள். அந்த வீட்டில் எதையும் இரண்டு முறை சொல்வதுதான் வழக்கம். "காய்ஞ்ச புல்லு எப்பவும் இருக்கணும். தண்ணில குளிப்பாட்டாதீங்க, ஒரு கிண்ணத்துல மண்ணு வெச்சா தானே புரண்டு குளிச்சுக்கும். வாலைப் பிடிச்சுத் தூக்கினா தோலு கையோட வந்துடும். பல்லு ஆரஞ்சு கலர்ல இருந்தா நல்லாருக்குன்னு அர்த்தம். முக்கியமா, இனிப்பு ஆகாது. பழம்கூட ஆகாது. இதுங்களுக்குச் சர்க்கரை வியாதி சட்டுனு வந்துடும்."

"இதெல்லாம் எதுக்குடி எங்க தலையில கட்டுற?" என்றாள் அம்மாள்.

"நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் ஊமை பாஷைக்குப் போயிடுவீங்க. இதுங்ககிட்டயாவது பேசுங்க."

அவள் ரயில் ஏறிய அன்று சாயங்காலமே முதல் செய்தி போனது. அம்மாள் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "சாப்பாடு எடுத்து வெச்சாச்சுன்னு சொல்லு" என்றாள். இரண்டில் பெரியது எழுந்து நின்று, முன்னங்கைகளை நெஞ்சில் சேர்த்து வைத்துக்கொண்டு, கடைசிச் சொல் வரை கேட்டது. உதட்டை அசைத்தது. பிறகு கூண்டின் மறுபக்கம் ஓடி, லிப்ட்காரரைப் பார்த்து இரண்டு தடவை கீச்சிட்டது. அவர் எழுந்து போய்ச் சாப்பிட்டார். அன்றிலிருந்து அதற்கு வக்கீல் என்று பெயர். சின்னது யார் பேசினாலும் புல்லுக்குள் ஒளிந்துகொண்டு, கிடைத்த காகிதத்தையெல்லாம் கிழித்துக்கொண்டிருந்ததால், அது குமாஸ்தா.

வீடு நன்றாகவே ஓடியது. சொல்லப்போனால் பாப்பா இருந்ததைவிட நன்றாக ஓடியது. வக்கீல் ஒரு பக்கத்துக் கோபத்தை மறு பக்கத்துக்குக் கொண்டுபோகவில்லை. எதைச் சொன்னாலும் ஒரே மாதிரிதான் கீச்சிட்டது.

"வக்கீல், நேத்து தண்ணித் தொட்டி மோட்டாரை யாரோ நிறுத்தாமலே தூங்கிட்டாங்களாம், கேட்டுச் சொல்லு."

"வக்கீல், அந்த யாரோவுக்கு முட்டிவலி, கட்டடத்து லிப்ட் மொட்டை மாடிக்குப் போகாது, படி ஏற முடியலன்னு சொல்லு."

"முட்டிக்குத் தைலம் அலமாரில இருக்குன்னு சொல்லு. தானா நடந்து வராது."

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. ஒரு நாள் அம்மாள் கூண்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வக்கீல், பாப்பா தனி வீடு எடுத்துட்டா. என்னை அங்கேயே வந்து இருக்கச் சொல்றா. போகலாம்னுதான் இருக்கேன். உங்க ரெண்டு பேரையும் அவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போனா பயத்துலயே செத்துடுவீங்களாம். நீங்க இருக்கிறவரைக்கும் நான் எங்க போறது? சொல்லிடு."

வக்கீல் ஓடி வந்து சொன்னது. லிப்ட்காரர் அன்று வக்கீலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 'போகாதே' என்ற ஒரு சொல்லை இத்தனை வருடத்தில் வேறு ஆள் மூலமாகக்கூட அவர் சொல்லி அனுப்பியதில்லை. சொல்லத் தேவையே இல்லாத ஒரு வழி இப்போது கிடைத்துவிட்டது. இந்த ஜோடி உயிரோடு இருக்கும் வரை அவள் இந்த வீட்டில் இருப்பாள். எனவே வக்கீலை ராஜா மாதிரி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்.

முதல் காரியமாகக் கூண்டுக்குள் ஒரு லிப்ட் மாட்டினார். வக்கீல் தட்டுக்குத் தட்டு தாவி ஏறுவது அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் லிப்ட் மாட்டிய கட்டடங்களில் பியூன்கூடப் படி ஏறியதில்லை. ஒரு சின்னத் தகர டப்பா, பழைய திரைச்சீலைக் கம்பியிலிருந்து கழற்றிய பித்தளைக் கப்பி, கடித்து அறுக்க முடியாத மெல்லிய கம்பி. மறுமுனையில் எதிர் எடையாக நட்டுகளைக் கோத்தார். வக்கீலின் எடைக்கு ஒரு துளி கூடுதல். வக்கீல் உள்ளே போய் உட்கார்ந்தால் டப்பா எண்ணெய் வழிவது போல மெதுவாக மேலே போய் மூன்றாம் தட்டில் நிற்கும். இறங்கிக்கொண்ட பிறகு, இவர் ஒரு விரலால் இழுத்துக் கீழே கொண்டுவந்து கொக்கியில் மாட்டுவார். வக்கீல் இரண்டே நாளில் பழகிக்கொண்டது. கொஞ்ச நாளில் லிப்ட் வர நேரமானால் மேலே நின்று திட்ட ஆரம்பித்தது. குமாஸ்தா டப்பாவைப் பார்த்தாலே ஓடிவிடும். அது கடைசி வரை நடந்தே ஏறியது.

இரண்டாவது காரியம், உலர் திராட்சை. பாப்பா சொன்னது அவருக்கு மறக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு திராட்சை, அதுவும் பாதி, அதுவும் லிப்டில் ஏறும்போது மட்டும், அதுவும் அம்மாள் குளிக்கப் போன சமயத்தில். பாதித் திராட்சையில் ஒரு உயிர் போகுமா என்று வக்கீலையே கேட்டார். வக்கீல் வேண்டாம் என்று சொல்லவில்லை. குமாஸ்தா யார் கையிலிருந்தும் எதையும் வாங்குகிற ஜாதி இல்லை.

ஒரு நாள் லிப்ட் பாதியில் நின்றது. வக்கீல் உள்ளே உட்கார்ந்தபடி இவரை முறைத்தது. கப்பிக்கு எண்ணெய் விட்டார். அப்படியும் ஏறவில்லை. கம்பி தொய்ந்திருக்கும் என்று, எதிர் எடையில் ஒரு நட்டு கூட்டினார். ஏறியது. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு நட்டு. பழைய சாமான் என்றால் இப்படித்தான் என்று கப்பியைத் திட்டிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அவர் எந்த லிப்டையும் சந்தேகப்பட்டார், எந்தப் பயணியையும் சந்தேகப்பட்டதில்லை.

பிறகு எல்லாம் தலைகீழாக ஆனது. வக்கீல் ஏறி உட்கார்ந்ததும் டப்பா விருட்டென்று மேலே போய்க் கம்பியில் மோதியது. ஒரு நட்டைக் கழற்றினார். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. கப்பி இப்போதுதான் வழிக்கு வந்திருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

அதே சமயத்தில் அம்மாளும் ஒன்றைக் கவனித்தாள். தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பினால் மதியமே காலியாகிறது. கூண்டுக்கு அடியில் விரித்த காகிதம் எப்போதும் நனைந்தே கிடக்கிறது. சொல்லியிருக்கலாம். யாரிடம் சொல்வது? வக்கீலிடம்தான் சொல்ல வேண்டும். வக்கீலைப் பற்றி வக்கீலிடமே எப்படிச் சொல்லி அனுப்புவது? நோயாளியைப் பிடித்து உன் நோயைப் போய்ச் சொல்லிவிட்டு வா என்றால் நன்றாகவா இருக்கும்? குமாஸ்தாவிடம் சொல்லிப் பார்த்தாள். அது பாதியிலேயே புல்லுக்குள் போய்விட்டது. லிப்ட்காரருக்கும் அதே இக்கட்டு. "உன் லிப்ட் ஏன் இப்படிப் பறக்குதுன்னு கேட்டுச் சொல்லு" என்று ஆரம்பித்தவர், வக்கீல் கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த வீட்டில் எந்தச் செய்தியும் வக்கீல் வழியாகப் போகலாம். வக்கீலைப் பற்றிய செய்தி ஒன்றுக்குத்தான் வழி இல்லை.

வக்கீலின் கண்ணில் பால் விட்டது போல வெள்ளை படர்ந்த அன்று, இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில், நடுவில் கூடையை வைத்துக்கொண்டு, மிருக டாக்டரிடம் போனார்கள். டாக்டர் சின்னப் பெண். வக்கீலைத் தராசில் வைத்தாள், வாயைத் திறந்து பார்த்தாள். பல் வெளுத்திருந்தது.

"சர்க்கரை ஏறிப்போயிருக்கு. இனிப்பு ஏதாவது குடுத்தீங்களா?"

லிப்ட்காரர் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்தார். பிறகு, "டாக்டர், கூண்டுக்கு அந்தப் பக்கம் பிஸ்கட் தூள் கிடக்குது. அது எப்படி வந்துச்சுன்னு கேளுங்க" என்றார்.

"டாக்டர், லிப்ட் டப்பால திராட்சைக் காம்பு கிடக்குது. அதை முதல்ல கேளுங்க" என்றாள் அம்மாள்.

"நான் பாதிதான் குடுத்தேன்னு சொல்லுங்க."

"நானும் ஒரு ஓரம்தான் உடைச்சுக் குடுத்தேன்னு சொல்லுங்க. இல்லன்னா அது அந்தப் பக்கமே நிக்குது. என் பேச்சைக் கேக்க ஆள் வேண்டாமா?"

டாக்டர் பந்தாட்டம் பார்க்கிறவள் போல இரண்டு பக்கமும் திரும்பினாள். "யாருக்குச் சொல்லணும்? ரெண்டு பேரும் இங்கதானே இருக்கீங்க?"

அம்மாள் தண்ணீர் பாட்டில் காலியானதை டாக்டரிடம் சொன்னாள். லிப்ட்காரர் நட்டு கழற்றியதை டாக்டரிடம் சொன்னார்.

"தண்ணி நிறையக் குடிக்குது, எடை குறையுதுன்னு அப்பவே சேர்த்துச் சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். ஓடி ஏறுற பிராணியை லிப்டுல வேற ஏத்தியிருக்கீங்க. வீட்ல இதை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கவே இல்லையா?"

இரண்டு பேரும் கூடையைப் பார்த்தார்கள். வக்கீல் எழுந்து, பார்வை இல்லாத கண்ணோடு, குரல் வந்த பக்கம் பார்த்துக் கையைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றது.

அடுத்த வாரம் ஒரு காலையில் வக்கீல் தட்டுத் தடுமாறி டப்பாவுக்குள் போய் உட்கார்ந்தது. லிப்ட்காரர் கொக்கியை எடுத்தார். லிப்ட் மேலே போய் நின்றது. பயணி இறங்கவில்லை. குமாஸ்தா வந்து டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தது. அது லிப்டுக்குப் பக்கத்தில் வந்தது அன்றுதான்.

ஒற்றையாக விட்டால் குமாஸ்தாவும் போய்விடும், இங்கே எங்கும் ஜோடி கிடைக்கவில்லை, தன் ஊரில் கிடைக்கும் என்று பாப்பா போனில் சொன்னாள். வழியில் செத்தாலும் செத்துப் போகட்டும், இங்கே உட்கார்ந்து ஏங்கிச் சாவதற்கு அது மேல் என்று அம்மாள் பெட்டியைக் கட்டினாள். ஒரு பெட்டி கட்டுவாள் என்று லிப்ட்காரர் நினைத்திருந்தார். மூன்று கட்டினாள்.

கிளம்புகிற அன்று அம்மாள் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். செருப்பு வாரை ஒரு முறை மாட்டினாள். கழற்றி மறுபடி மாட்டினாள். அந்த வார் அவ்வளவு நேரம் எடுக்கிற வார் இல்லை. லிப்ட்காரர் கூண்டைப் பார்த்தார். கூண்டில் யாருமில்லை. கூடையைப் பார்த்தார். குமாஸ்தா புல்லுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

"வழியில அதுக்குத் தண்ணி வெக்கச் சொல்லு" என்றார் கூடையிடம்.

"தெரியும்னு சொல்லு" என்றாள் அம்மாள் கூடையிடம்.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே கட்டடத்து லிப்ட் இறங்குகிற சத்தம் கேட்டது. மோட்டார் முனகுவதை வைத்தே உள்ளே எவ்வளவு பாரம் என்று சொல்லிவிடுவார் அவர். அன்று பாரம் அதிகம்தான்.

பிறகு ஒரு சாயங்காலம் பாப்பா போன் செய்தாள்.

"அப்பா, அம்மா கேக்குறாங்க, அந்தக் குட்டி லிப்டைக் கழட்டி அனுப்ப முடியுமான்னு."

"குமாஸ்தா லிப்டுல ஏறாதே. அது உங்கம்மாவுக்கே தெரியுமே."

பாப்பா போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "'தெரியும். இருந்தாலும் அனுப்பச் சொல்லு'ன்றாங்க."

"வேணும்னா வந்து எடுத்துக்கச் சொல்லு."

மறுபடி போனாள், மறுபடி வந்தாள். "'கூப்பிட்டாத்தானே வர்றது'ன்றாங்க. அப்பா, நான் பால் பல் முளைச்சதிலேர்ந்து இந்த வேலை பார்க்குறேன். என்னால முடியல. நான் போனை அம்மாகிட்ட குடுத்துட்டு வெளிய போறேன். நீங்களே பேசிக்கங்க."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு மூச்சு. அந்த மூச்சை அவருக்குத் தெரியும். எவ்வளவோ ராத்திரி அடுத்த கட்டிலில் கேட்டது.

பிறகு அம்மாள், எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது ஊருக்கெல்லாம் சொன்ன அதே குரலில், மெதுவாகச் சொன்னாள்:

"பேசுங்க. லைன்ல இருக்காங்க."

லிப்ட்காரர் வாயைத் திறந்தார். தலை தானாகக் கூண்டுப் பக்கம் திரும்பியது. காலி டப்பா மூன்றாம் தட்டில் நின்றுகொண்டிருந்தது.

"வக்கீல்," என்றார், "நான் என்ன சொல்றேன்னா…"

லைன் அறுந்தது. தானாக அறுந்திருக்கும் என்று அவர் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாள் அத்தனை வருடம் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். அவள் கையில் இருக்கும்போது எந்த லைனும் தானாக அறுந்தது கிடையாது.