ஐந்து இமேஜுக்கு நான் போட்ட மதிப்பெண்கள்

எல்லோருக்கும் வணக்கம். சௌக்கியம்தானே? கழுத்து வலிக்காரர்கள் திரையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டு படியுங்கள். நான் சுருக்கமாக எழுதி இதுவரை யாரும் பார்த்ததில்லை. எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மானம்தான் கொஞ்சம் படுத்துவிட்டது.

போன மாதம் இந்தக் குழுவில் ஒரு பட்டியல் போட்டேனே, நினைவிருக்கிறதா? நம்முடைய உள்ளங்கை அகலக் கணினிப் போர்டுக்கு எந்த லினக்ஸ் இமேஜ், அதாவது மெமரி கார்டில் அப்படியே எழுதிப் போடும் முழு லினக்ஸ் கோப்பு, நல்லது என்று ஐந்தை ஏற்றிப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருந்தேன். முப்பத்தெட்டுப் பேர் கைதட்டினீர்கள். நான் அதை என் வீட்டுக்காரரிடம் மூன்று தடவை காட்டினேன். அந்தக் கைதட்டலையெல்லாம் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

என் சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா, வாத்துக் குஞ்சு பொரிக்கும் கூடம் வைத்திருக்கிறார். அவருடைய இன்குபேட்டருக்கு ஒரு போர்டுதான் காவல். சூட்டை அளந்து, குறைந்தால் ஹீட்டரைப் போடும், கூடினால் அணைக்கும். அதற்கான புரோகிராமை எழுதிக் கொடுத்தவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான். அந்தப் போர்டில் இருந்த பழைய லினக்ஸுக்கு இனிமேல் அப்டேட் வராது என்று அறிவிப்பு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“சம்பந்தியம்மா, இருநூத்து நாப்பது முட்டை உள்ள இருக்கு. பொரிய இன்னும் பன்னெண்டு நாள். இப்பவே மாத்தலாமா, இல்ல பொரிஞ்சதும் மாத்தலாமா?”

விவரம் தெரிந்தவள் என்ன சொல்லியிருப்பாள்? முதலில் குஞ்சு வரட்டும் என்றிருப்பாள். நான் சொன்னது இது: “என் லிஸ்ட்ல மூணாவது இமேஜ். பத்துக்கு ஒன்பதரை. கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க.”

“பழைய கார்டை ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கட்டுமா?”

“எதுக்கு? அது பழைய செட்டிங்ஸ், ஃபைல் எதையும் தொடாது. நான் கண்ணால பாத்தேன்.”

கண்ணால் பார்த்ததென்னவோ உண்மை. ஒவ்வொரு இமேஜையும் எஸ்டி கார்டில் எழுதுவேன். கார்டை என் போர்டில் செருகுவேன். மின்சாரம் கொடுத்தால், வீட்டுக்காரர் தும்மும்போது நான் பிடித்த போட்டோ திரை முழுக்க வரும். அதுதான் என் வால்பேப்பர். புது லினக்ஸ், பழைய தும்மல். ‘அடடா, என்ன மரியாதை தெரிந்த இமேஜ், குடிவந்த வீட்டில் ஒரு சாமானையும் நகர்த்தவில்லையே’ என்று ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டேன். ஐந்துக்கும் அதே தும்மல்தான் வந்தது. சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு ஞானம்: எல்லாரும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பியடிக்கிறார்கள்! அதோடு விட்டேனா? இரண்டாவது மந்தம், மூன்றாவது பறக்கிறது, நாலாவதில் எழுத்து கண்ணுக்கு இதம் என்று வித்தியாசம் வேறு கண்டுபிடித்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன்.

“சம்பந்தியம்மா, திரை கறுப்பா இருக்கு. ஓரத்துல வெள்ளை எழுத்துல பேர் என்ன, பாஸ்வேர்ட் என்னன்னு கேக்குது.”

“அப்படி இருக்காதே. அழகா படம் வரணுமே.”

“யார் படம்?”

“நீங்க கார்டை ஒழுங்கா சொருகியிருக்க மாட்டீங்க” என்றேன்.

“நாலு தடவை சொருகிட்டேன். ஒரு கையில தெர்மாமீட்டர், ஒரு கையில ஹீட்டர் சுவிட்ச்னு காலையிலேர்ந்து நின்னுக்கிட்டிருக்கேன். பழைய கார்டுமேலயே உங்க ஒன்பதரையை எழுதிட்டேன். புரோகிராம் போச்சு.”

சூடு குறைந்தால் முட்டைக்குள் இருக்கும் உயிர் அடங்கிவிடும்; கூடினால் வெந்துவிடும். என் போர்டையும் கார்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு, மருமகளையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். அரை மணி நேரப் பயணம். சம்பந்தி சொன்ன மாதிரியேதான் நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

“வாங்க, ஒன்பதரை” என்றார்.

தப்பு அவருடைய போர்டில்தான் என்று நிரூபித்துவிடும் வேகம் எனக்கு. என் போர்டில் என் கார்டைச் செருகி, அவர் திரையில் இணைத்தேன். தும்மல் வந்தது.

“பாத்தீங்களா?”

“பாத்தேன். முதல்ல அவருக்கு ஒரு கைக்குட்டை குடுங்க.”

மருமகள் என்னையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “அத்தை, அந்தக் கார்டை வெளிய எடுத்துட்டு ஆன் பண்ணுங்க.”

“கார்டு இல்லாம எப்படிம்மா வரும்? லினக்ஸே அதுலதானே இருக்கு?”

“எடுங்களேன்.”

எடுத்தேன். மின்சாரம் கொடுத்தேன். வீட்டுக்காரர் தும்மினார்.

மருமகள் போர்டைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த நகம் அளவு சில்லைக் காட்டினாள். போர்டோடு கூடவே வந்த சேமிப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் நானே அதில் ஒரு லினக்ஸை ஏற்றிவிட்டு, சுத்தமாக மறந்துபோயிருக்கிறேன். இந்த ரகப் போர்டு, லினக்ஸ் இருக்கிறதா என்று முதலில் அங்கேதான் பார்க்குமாம். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால்தான் கார்டைத் தேடுமாம். என் ஐந்து இமேஜும் வாசலோடு திரும்பியிருக்கின்றன. சம்பந்தியின் போர்டில் அப்படி உள்சேமிப்பு கிடையாது. அதனால் கார்டில் இருந்தது நிஜமாகவே எழுந்துவிட்டது. அது படமே காட்டாத, வெறும் எழுத்தாக ஓடும் ரகம். அதை இணையத்திலிருந்து இறக்கும் பக்கத்தில் முதல் வரியே அதுதான். நான் எங்கே படித்தேன்?

“அப்போ அஞ்சும் ஒண்ணுதானா?” என்றார் சம்பந்தி.

“ஆமா.”

“அப்புறம் ரெண்டாவதுக்கு மட்டும் ஏன் நாலு குடுத்தீங்க, பாவம்?”

மருமகள் முட்டைத் தட்டுகளை எண்ணுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்தில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை என்றால், உள்ளே இருந்த எதுவும் அழியவும் இல்லையே! ஹீட்டர் புரோகிராமை நான் முதலில் எழுதிப் பார்த்தது இந்தப் போர்டில்தான். தேடினேன். இருந்தது. அவர் போர்டைக் கழற்றிவிட்டு என்னுடையதை மாட்டினோம். நான் இரண்டு ஒயரை இடம் மாற்றிச் செருகினேன். மருமகள் சரிசெய்தாள். என்னுடையதும் அப்டேட் நின்றுபோன அதே லினக்ஸ்தான்; அதற்கு வெளியுலகச் சகவாசம் வேண்டாம் என்று இணைய ஒயரையும் பிடுங்கிப் போட்டாள்.

திரையில் முப்பத்தாறு புள்ளி எட்டு. ‘டக்’ என்று ஹீட்டர் தானாகப் போட்டுக்கொண்டது. முப்பத்தேழரையில் தானாக அணைந்தது. அதற்குப் பிறகும் பத்து நிமிஷம் சம்பந்தி சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பன்னிரண்டாம் நாள் இருநூற்று மூன்று குஞ்சு வந்தது. வழக்கமாக இருநூற்றுப் பத்து வருமாம். அந்த ஏழும் என்னால்தானா என்று கேட்டேன். “வாத்துக்குத்தான் தெரியும்” என்றார். தெரிந்துதான் அப்படிச் சொன்னார்.

ஆகவே, என் மதிப்பெண்கள் அத்தனையும் ரத்து. நான் ஐந்து விதமாகப் பாராட்டியதும் திட்டியதும் ஒரே கிழட்டு லினக்ஸை. உங்களில் யாராவது என் ஒன்பதரையை நம்பிக் கார்டை அழித்திருந்தால் இன்றைக்கே எழுதுங்கள். என்ன போச்சோ, தேடி எடுக்க நானும் கூட உட்காருகிறேன். ஒன்றும் போகாதவர்களும் எழுதுங்கள், ஏற்றாததை ஏற்றியதாக நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதையை. இந்தக் குழுவிலேயே நான் ஒருத்திதான் இப்படி என்று சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.