மேனேஜருக்கு லீவு

"டீல சர்க்கரை இல்ல," என்றார் எலக்ட்ரீஷியன்.

"டப்பாவுலயும் இல்ல," என்றாள் அவர் மனைவி. "கோழிக்குப் போட்டுட்டேன்."

வேறு எந்த வீடாக இருந்தாலும் இந்தப் பதிலுக்குப் பிறகு ஒரு கேள்வி வந்திருக்கும். இங்கே வரவில்லை. கொஞ்ச நாளாக இந்த வீட்டில் எல்லாமே கோழிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது: சர்க்கரை, நல்ல துண்டு, அவள் பொறுமை. மனிதர் அந்த டீயைக் கஷாயம் மாதிரி விழுங்கிவிட்டு, "பேசாம கறி வச்சுத் தொலைச்சிருக்கலாம்," என்று முணுமுணுத்தபடி வயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கோழியின் பெயர் மேனேஜர். தினமும் காலையில் கொல்லைப்புறம் முழுக்க ஒரு சுற்று வந்து, எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்துக் குறை கண்டுபிடிக்கிற ஜென்மத்துக்கு வேறென்ன பெயர் வைப்பது? எலக்ட்ரீஷியன் மனைவி வீட்டிலேயே தைக்கும் தையல்காரி. குஞ்சாக இருந்தபோது நனைந்து நடுங்கிய அதை வெட்டுத்துணிக் கூடையில் போட்டு, மெஷினுக்கு அடியில் காலோடு அணைத்து வைத்துப் பிழைக்க வைத்தவள். அந்த விசுவாசமோ என்னவோ, வளர்ந்த பிறகு மேனேஜர் நாள் தவறாமல் முட்டை போட்டது. அதுவும் சின்ன முட்டை இல்லை, உள்ளங்கை நிறைய. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இதென்ன கோழியா, வாத்தா?" என்று வாயைப் பிளப்பாள். தையல்காரிக்குப் பெருமை தாங்காது.

அந்தப் பெருமை ஒரு காலையில் போய்விட்டது. மேனேஜர் சுவரோடு ஒண்டிக்கொண்டு நின்றது. பின்புறத்தில் சிவப்பாக ஏதோ வெளியே தொங்கியது. மற்ற இரண்டு கோழிகளும் அதைக் குறிவைத்துக் கொத்திக்கொண்டிருந்தன. கூடப் பழகியவர்கள் நம் பலவீனத்தை எப்போது கொத்தலாம் என்று காத்திருப்பது மனிதர்களிடம் மட்டுமுள்ள குணம் இல்லை போலிருக்கிறது.

கால்நடை மருத்துவர் சின்ன வயசுக்காரர். பேச்சைச் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"முட்டை வர்ற குழாய் வெளிய தள்ளிடுச்சும்மா. பெரிய பெரிய முட்டையா முக்கி முக்கிப் போட்டதுல வந்தது. வெதுவெதுப்பான தண்ணியில கழுவுங்க. சர்க்கரையைத் தடவுங்க, வீக்கம் வத்தும். அப்புறம் இந்தக் களிம்பைப் போட்டு மெதுவா உள்ள தள்ளுங்க."

"அவ்வளவுதானா?"

"அது சுலபம். அது மறுபடி முட்டை போடாமப் பாத்துக்கறதுதான் கஷ்டம். போட்டா மறுபடி வெளிய வரும். நாலஞ்சு தடவை அப்படி வந்தா அழுகிடும், கோழி தங்காது. நல்ல இருட்டு ரூம்ல வைங்க. வெளிச்சம் குறைஞ்சாத்தான் முட்டை நிக்கும்."

வீட்டில் கதவு சாத்தி இருட்டாக்கக்கூடிய அறை ஒன்றுதான் இருந்தது. அவளுடைய தையல் அறை. பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரம். யூனிஃபார்ம் துணி மலையாகக் கிடந்தது. அவள் ஜன்னலில் அட்டையை ஒட்டினாள், கதவிடுக்கில் கோணியைச் செருகினாள், கூடையின் மேல் கம்பளியைப் போர்த்தினாள். காலையில் கொஞ்ச நேரம் மட்டும் கதவைத் திறந்து தீனி வைத்தாள். மெஷினை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாவு டப்பாவுக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் நடுவே உட்கார்ந்து காலர் தைத்தாள். முதல் கட்டு சட்டைகளை வாங்கிய டீச்சர், ஒன்றை மூக்கருகே கொண்டுபோய், "ஏம்மா, வெங்காயம் வதக்கினியா?" என்று கேட்டாள். தையல்காரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

இத்தனைக்கும் பலன் இருந்ததா என்றால், இல்லை. காலையில் இருட்டில் கூடைக்குள் கையை விடுவாள். வைக்கோலில் வெதுவெதுப்பாக ஒரு முட்டை தட்டுப்படும். பிறகு அதே துண்டு, அதே தண்ணீர், அதே சர்க்கரை. கோழியைக் கவிழ்த்து மடியில் இறுக்கிக்கொண்டு, விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டிருப்பாள். மேனேஜர் ஒரு சத்தமும் போடாது. கத்தினாலாவது பரவாயில்லை. அது ஒற்றைக் கண்ணால் அவளையே பார்க்கும்.

"ஒரு நாளாவது சும்மா இரேன்டி!" என்று அவள் அதட்டினாள். "உன்னை யாரு கேட்டா முட்டையை? லீவு போடத் தெரியாதா உனக்கு?"

மூன்றாவது முறை ரத்தம் வந்தது. மறுபடி மருத்துவரிடம் ஓடினாள்.

"வெளிச்சம் எங்கயோ படுதும்மா."

"சத்தியமா இல்ல டாக்டர். ஈ நுழைய இடமில்லாம அடைச்சு வச்சிருக்கேன். நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

"நீங்க சொல்லல. ஆனா கோழிக்குப் பொய் சொல்லத் தெரியாதே," என்றார் அவர். "இன்னொரு தடவை வந்தா தள்ளி வைக்கச் சதை இருக்காது. ஊசி போட்டு முடிச்சுடறதுதான் அதுக்கு நல்லது."

இப்படியும் ஒரு டாக்டர் இருப்பாரா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். விழலுக்கு இறைத்த நீராகிவிட்டதே என்று மனம் கசந்தது.

வழக்கமாக நடுப்பகலில், தைத்து முடித்ததைக் கொடுக்கவும் பட்டன் வாங்கவும் அவள் கடைத்தெருவுக்குப் போவாள். மறுநாள் பட்டன் கடை பூட்டிக்கிடந்தது. முனகிக்கொண்டே பாதியில் திரும்பினாள். தையல் அறைக் கதவு திறந்திருந்தது.

ஜன்னல் அட்டை கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கம்பளி அழகாக மடித்து ஓரமாக இருந்தது. அறை முழுக்க வெயில். நடுவில் எலக்ட்ரீஷியன் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். மேனேஜர் அவர் மடியில் சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது.

"உங்கம்மா வர்றதுக்குள்ள சாப்டுடு," என்று சொல்லிக்கொண்டிருந்தார், ஊரெல்லாம் கறி வை, கறி வை என்று சொல்லித் திரிந்த அதே மனிதர்.

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, பை கையிலிருந்து விழுந்தது.

"தினமுமா? தினமும் இதைத்தான் பண்றீங்களா?"

அவர் விழித்தார். "மத்தியானம் கொஞ்ச நேரந்தான். நீ வர்றதுக்குள்ள மூடிடுவேன். பாவம்டி, பகல் வெளிச்சமே பாக்காம ஜெயில்ல கெடக்குற மாதிரி..."

"யாருக்குப் பாவம்? நான் அடுப்படியில வெந்துக்கிட்டு இதைப் பிழைக்க வைக்கப் பாக்குறேன். நீங்க பாவம் பாத்துப் பாத்தே இதைக் கொல்றீங்க! கறி வைன்னு சொன்னீங்களே, அதையே செஞ்சிருக்கலாம். இது ஒரே நாள்ல செத்திருக்கும்!"

அவர் தட்டைக் கீழே வைத்தார். எந்த வீட்டு மின்சாரத்தையும் ஒரு சொடுக்கில் நிறுத்தத் தெரிந்தவருக்கு, வெயிலை நிறுத்துவதுதான் வைத்தியம் என்பது மண்டையில் ஏறவே இல்லை. டாக்டர் சொன்னதை அவள் சொன்னபோது அவர் காதில் வாங்கியிருந்தால்தானே! எழுந்து அட்டையைத் தானே ஒட்டினார். ஓரங்களில் கறுப்பு டேப் சுற்றினார். பல்பையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து சாத்திய கதவுக்கு வெளியே முதுகைச் சாய்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். உள்ளே கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே பேசிக்கொண்டு, அன்றைக்கு எந்த வீட்டில் எந்த ஃபியூஸ் போனது என்பதையெல்லாம் சொன்னார். அவள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள். கோபம் இன்னும் தீரவில்லை.

டேப் ஒட்டிய மறுநாள் காலை கூடைக்குள் கையை விட்டாள். முட்டை. ஆனால் சதை கொஞ்சமாகத்தான் வெளியே வந்திருந்தது; தள்ளியதும் நின்றது. அதற்கடுத்த நாள் எதுவும் இல்லை. ஒரு நாள் நின்றால் நின்றதாகாது என்று மனசைக் கட்டி வைத்தாள். அடுத்த நாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. வைக்கோலை மூலை மூலையாகத் துழாவினாள், கோழியைத் தூக்கி அடியிலும் தடவினாள். வெறும் வைக்கோல்தான். தொட்டால் சதை காய்ந்து, உள்ளேயே இருந்தது.

"இல்லங்க!" என்று கத்திக்கொண்டே கொல்லைப்புறத்துக்கு ஓடினாள். "முட்டை இல்ல! ஒண்ணுகூட இல்ல!"

பல் துலக்கிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் வாயில் நுரையோடு அப்படியே நின்றார். சத்தம் கேட்டுச் சுவருக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரியின் தலை எழும்பியது.

"இதுக்கா இப்படிக் கத்துற? கவலைப்படாத. நாளைக்குக் கண்டிப்பா போடும் பாரு."

"ஐயோ அக்கா! வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" தையல்காரி சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "போடாதுன்னு சொல்லுங்க."

"என்னடி பேச்சு இது?"

"சொல்லுங்கக்கா."

பக்கத்து வீட்டுக்காரி அவளைப் பார்த்தாள், நுரை வழிய நிற்கிற அவள் புருஷனைப் பார்த்தாள். அந்த மனிதரும் சொல்லுங்கள் என்பது போலத் தலையை ஆட்டினார்.

"சரி... போடாது."

"இனிமே எப்பவும்?"

"எப்பவுமே போடாது," என்றாள் அவள், ஒரு குடும்பத்தையே சபிக்கிற பயத்தோடு.

அதைக் கேட்ட பிறகுதான் தையல்காரிக்கு அழுகை வந்தது.