தொண்ணூற்றெட்டுப் பக்கக் கடன்

1

தொண்ணூற்றெட்டுப் பக்கம். எங்கள் நூலகத்துக்குப் பிளம்பர் தர வேண்டியிருந்த கடன் அது. கரும்பலகையில் அந்த எண்ணைப் பார்த்த அன்றைக்குத்தான் இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

(முதலில் வேறு மாதிரி தொடங்கியிருந்தேன்: "அறிவின் ஒளி வீசும் அந்தச் சிறு கட்டடத்தில்…" அதோடு நிறுத்திவிட்டேன். அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு டியூப்லைட். அதுவும் தட்டினால்தான் எரியும்.)

கடன் என்றதும் பணம் என்று நினைக்க வேண்டாம். பக்கம்தான். இதை விளக்காமல் நகர முடியாது. விளக்கினால் கதை நின்றுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. நான் மூட்டை இறக்குகிறவன். வேலை முடிந்து வந்து எழுதுவதால் சில வாக்கியங்கள் பாதி வழியில் உட்கார்ந்துவிடும். எழுப்பிப் பார்ப்பேன். எழாவிட்டால் விட்டுவிடுவேன். நீங்கள் தாண்டிப் போங்கள்.

2

நூலகம் இருக்கும் அறையில் ஒரு காலத்தில் லாரிகளுக்கு எடை போட்டார்கள். புதுச் சாலை வந்ததும் லாரிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. எடைமேடையைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். அறை மட்டும் மிச்சம். மதியம் படுத்து எழ நாங்கள் அதை வைத்துக்கொண்டோம்.

பழைய பேப்பர் கடைக்காரர் ஒருமுறை கூலி கொடுக்க வழியில்லாமல், நாங்கள் இறக்கிய மூட்டைகளிலேயே மூன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிரித்தால் எல்லாம் புத்தகம். எடைக்குப் போட்டுக் காசைப் பிரித்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னோம். வேண்டாம் என்றவர் எங்கள் மேஸ்திரி ஒருவர்தான். அவருக்கும் படிக்கத் தெரியாது. தலைக்கு வைத்துப் படுக்க வாகாக இருக்கிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

(நூலக மலருக்கு எழுதித் தந்தபோது "சமூக மேம்பாட்டை முன்னிட்டு" என்று போடச் சொன்னார்கள். போட்டேன். இங்கே உள்ளதைச் சொல்கிறேன்.)

தலையணை மெல்ல மெல்ல நூலகமானது. அலமாரி வந்தது, உறுப்பினர் அட்டை வந்தது, ஒரு வாரத்தில் புத்தகத்தைத் திருப்ப வேண்டும் என்ற சட்டமும் வந்தது. திருப்பாதவரை என்ன செய்வது? காசு கேட்டால் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மேஸ்திரி ஒரு வழி சொன்னார். ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மேசைமேல் இருக்கும் புத்தகத்தில் போன வாரம் விட்ட இடத்திலிருந்து, படிக்க முடியாதவர்களுக்குச் சத்தமாக வாசிக்க வேண்டும். கடன் பலகையில் ஏறும். நூறைத் தாண்டினால் அட்டை போய்விடும்.

ஊரில் சோம்பேறிகள் இருந்தவரை எங்களுக்குக் கதைக்குப் பஞ்சமில்லை. சலூன்காரர் ஒருவரே இரண்டு நாவல்களை வாசித்து முடித்தார், அவ்வளவு தாமதம். வாசிக்கும்போது நடுநடுவே தன் சரக்கையும் சேர்ப்பார். புத்தகம் எங்கே முடிகிறது, சலூன்காரர் எங்கே ஆரம்பிக்கிறார் என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது. நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டவன்தான். எழுத்துக் கூட்டப் பழகியது அதற்கெல்லாம் பிறகு.

3

மேஸ்திரிக்கு அடுத்துப் பொறுப்புக்கு வந்தவர் டெய்லரக்கா. பகலெல்லாம் தையல் மெஷின், சாயங்காலம் நூலகம். அளவு அரை விரல் தப்பினாலும் பிரித்துத் தைக்கிறவருக்கு அந்தக் கரும்பலகை கண்ணை உறுத்தியது. இத்தனை பேர் தாமதமா? தவணைக்கு இரண்டு நாள் முன்னால் எல்லோருக்கும் செல்போனில் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தார்.

சில மாதத்தில் பலகை துடைத்து வைத்ததுபோல ஆகிவிட்டது. சலூன்காரர்கூட நாள் தவறாமல் புத்தகத்தை நீட்டினார். டெய்லரக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கடன்காரர் இல்லாததால் ஞாயிறு வாசிக்க ஆள் இல்லை. ஒரு கப்பல் சமையல்காரனைப் பற்றிய கதை, புயல் கிளம்புகிற இடத்தில், பாதியில் நின்றுபோனது. கேட்க வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். பிறகு வருவதை விட்டார்கள். ஜனங்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று டெய்லரக்கா நினைத்துக்கொண்டார்.

பலகையில் மிஞ்சியது ஒரே ஒருவர், பிளம்பர். மேசைப் புத்தகத்தை வாரநாளில் வீட்டுக்கு எடுத்துப் போய், ஞாயிறன்று தவறாமல் கொண்டுவந்து வைப்பது அவர் வழக்கம். இந்தக் கப்பல் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டார். தவணை நினைவுபடுத்திய மெசேஜைப் பார்த்தீர்களா என்று கேட்டால் பார்த்தேன் என்பார். கடனை வாசித்துத் தீர்க்கச் சொன்னால் அடுத்த வாரம் என்பார். கடன் வாரம் ஏழாக ஏறித் தொண்ணூற்றெட்டில் வந்து நின்றது. அடுத்த ஞாயிறு நூறைத் தாண்டும். அப்புறம் அவருக்குப் புத்தகம் கிடையாது.

4

பிளம்பரை எழுதும்போது என் கை தயங்குகிறது. முதலில், அவர் பிளம்பரே இல்லை. தொழிலை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது இந்தப் பகுதி முடிவதற்குள் உங்களுக்கே விளங்கும். இந்தக் கதையை அவர் படிக்கப் போவதில்லை. ஆனால் ஒரு ஞாயிறு யாராவது சத்தமாக வாசித்துவிட்டால்?

வியாழக்கிழமை டெய்லரக்கா அவர் வீட்டுக்குப் போனார். (நான் கூடப் போகவில்லை. என்னிடம் அவர் சொன்னது கொஞ்சம்தான். மிச்சம் நான் தைத்தது.) பிளம்பர் வேலைக்குப் போயிருந்தார். மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சில வருஷங்களாக அவருக்குக் கண் தெரியாது. கப்பல் புத்தகம் தலையணைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது.

டெய்லரக்கா புத்தகத்தைக் கேட்டதும் அந்தம்மா அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"பாதியில இருக்கிறத எப்படிம்மா திருப்பித் தர்றது? வாராவாரம் எனக்கு வாசிச்சுக் காட்டுவாரு. புயல் வந்ததோட நிறுத்திட்டாரு. கேட்டா கண்ணு எரியுதுங்கிறாரு. சரி, முதல்லேர்ந்தாவது வாசிங்கன்னேன். மூணு தடவ வாசிச்சாச்சு. புயலத் தாண்ட மாட்டேங்கிறாரு."

டெய்லரக்காவுக்குக் கோபம்தான் வந்தது. படிக்கத் தெரிந்த மனிதர், பெண்டாட்டியை இப்படியா காக்க வைப்பார்? அப்போது அந்தம்மா சிரித்தார்.

"அந்தக் கேப்டன் மீசைதான் தமாஷு. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி. நல்ல கத்திரி படாத மீசைன்னு புத்தகத்துலயே போட்டிருக்கானே."

டெய்லரக்கா அந்தப் புத்தகத்தை இரண்டு முறை படித்தவர். அதில் கேப்டனுக்கு மீசையே கிடையாது. மீசையும் கத்திரியும் சலூன்காரரின் சரக்கு.

ஞாயிறு கேட்டதைத்தான் வீட்டில் வந்து, பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, ஒப்பித்திருக்கிறார் மனிதர். கேட்டது நின்றதும் வாசிப்பும் நின்றுவிட்டது. அவர் பார்த்தேன் என்ற மெசேஜ்களையும் வெறுமனே பார்த்துத்தான் இருக்கிறார்.

தையல் பிரிகிற சத்தம் காதில் விழுந்ததுபோல டெய்லரக்காவுக்கு

(இந்த வாக்கியம் எழவில்லை. விட்டுவிடுகிறேன். பலகையைச் சுத்தமாக்கியது யார் என்று அவருக்கு உறைத்தது என்பதுதான் சொல்ல வந்தது.)

5

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

டெய்லரக்கா கடனைத் தள்ளுபடி செய்கிறார். நல்ல மனசுதான். ஆனால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். காரணம் வெளியே வந்தால் பிளம்பர் அந்த வாசல்படியை மிதிக்க மாட்டார். எழுத்துத் தெரியாததை மறைத்து வாழ்வது எப்படி என்று எனக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்று நானே எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கிறேன். அப்போது என்னிடம் மூக்குக்கண்ணாடியே கிடையாது.

இரண்டாவது: ஞாயிறு அவர் எழுந்து, புத்தகத்தைத் திறந்து, இல்லாத கதையைச் சொந்தமாகச் சொல்கிறார், அறையே வாய்பிளந்து கேட்கிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் அடித்துவிட்டேன். மனைவி கெஞ்சியும் ஒரு வரியைக் கூடச் சேர்க்காதவர், கேட்டதை மட்டுமே சொன்னவர், கூட்டத்தில் போய்ப் புளுகுவாரா? அது வேறு யாரோ.

மூன்றாவதில் சலூன்காரர் எழுந்து, "எனக்கு இது முன்னாடியே தெரியும்" என்று… வேண்டாம். சலூன்காரருக்கு எதுவும் முன்னாடியே தெரிந்ததில்லை.

6

ஞாயிறு நானும் இருந்தேன். பிளம்பர் வெறுங்கையோடு வந்தார். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கணக்கில் நூறு தாண்டிவிட்டதைச் சலூன்காரர்தான் முதலில் பிடித்தார். "என்னண்ணே, என் பேரையே கெடுத்துட்டீங்களே. இவ்வளவு பாக்கி நானே வெச்சதில்ல. இன்னிக்கு நீங்க வாசிச்சே ஆகணும்."

புத்தகம் மாற்ற வந்திருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிளம்பர் உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, மேசைமேல் வைத்து, டெய்லரக்கா பக்கம் மெல்லத் தள்ளினார்.

"இது எனக்கு வேணாங்க்கா. புத்தகம் நாளைக்கு வந்துரும்."

டெய்லரக்கா அட்டையைத் தொடவில்லை.

"எதுக்கு? நீங்கதான் கடனக் கட்டியாச்சே."

சிரிப்பு நின்றது. பிளம்பர் நிலைப்பக்கம் ஓர் அடி பின்வாங்கினார். டெய்லரக்கா அவரைப் பார்க்காமல் சலூன்காரரைப் பார்த்தே பேசினார். தான் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் விசாரித்ததையும், பிளம்பர் பாதிப் புத்தகத்தை மூன்று தடவை சத்தமாகச் சொல்லியிருப்பதையும், கேட்டவருக்குக் கண் தெரியாது என்பதையும் சொன்னார்.

"படிக்க முடியாதவங்க காதுல விழணும். அவ்வளவுதானே மேஸ்திரி போட்ட சட்டம்? இந்த ரூமுக்குள்ளதான் விழணும்னு சொன்னாரா?"

சலூன்காரர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "பாதிப் புத்தகம், மூணு தடவன்னா… நூத்துக்கு எவ்வளவோ மேல போகுதே."

"போகுது. பாக்கி நம்ம பேர்லதான்."

துணியை எடுத்து அந்தப் பெயரையும் எண்ணையும் துடைத்தார். பெயர் இருந்த இடத்தில் "நூலகம்" என்று எழுதினார். கடன் பகுதியில் எண் இல்லை. "புயலிலிருந்து கடைசி வரை" என்று எழுதினார். அட்டையைப் பிளம்பர் கையிலேயே கொடுத்து, இனி மெசேஜ் யாருக்கும் போகாது என்றும், அடுத்த வாரம் புத்தகத்தோடு அண்ணியையும் அழைத்து வரலாம் என்றும் சொன்னார்.

அட்டையைப் பையில் வைக்க அவருக்கு நெடுநேரம் ஆனது. டெய்லரக்காவுக்கு எவ்வளவு தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அண்ணி வந்தாரா, சமையல்காரன் கரை சேர்ந்தானா என்று நீங்கள் கேட்பீர்கள். எழுத மாட்டேன். பிளம்பரின் கணக்கு அன்றோடு முடிந்தது. நூலகத்தின் பாக்கியைத் தீர்க்க, புத்தகத்தை நாள் கடத்தித் திருப்புகிற ஒருவர் வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள் என்றால், உங்களுக்கு வாசிக்கத் தெரியும்.