நோன்புக் கஞ்சிக்கு உப்பு

"புள்ளைங்களுக்கு வயசுக்குத் தகுந்த வேலை குடுக்கணும்" என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார் பஷீருதீன். என் கணவர்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு முட்டை அவித்துத் தின்றதில்லை. எவனோ வீடியோவில் பேசியிருக்கிறான், பிள்ளைகளைச் சமையலில் சேர்த்துக்கொண்டால் பொறுப்பு வருமாம். அதைப் பார்த்ததிலிருந்து பூந்தமல்லியில் இவரை விட்டால் பிள்ளை வளர்க்க ஆளில்லை என்று ஒரு மிதப்பு. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நோன்புக் கஞ்சியைப் பிள்ளைகளே காய்ச்சுவார்கள், இவர் மேற்பார்வை பார்ப்பார், நோன்பு திறக்க இவருடைய அண்ணன் முஸ்தகீம் வந்து மெச்சிவிட்டுப் போவார். நான் வாயைத் திறக்கக் கூடாது. சரி, கூத்தைப் பார்க்கலாம் என்று சமையலறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.

பத்தாவது படிக்கும் ஷிபாவுக்கு அடுப்பு. ஐந்தாவது படிக்கும் ஃபயாஸுக்குப் பூண்டு உரிப்பதும் தேங்காய்ப்பால் எடுப்பதும். யுகேஜி ஜோயாவுக்குப் புதினா ஆய்வது. ஜோயாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது இவர் கொடுத்ததல்ல. நோன்பு வைத்தவர்கள் உப்புப் பார்க்க முடியாதென்று, எங்கள் வீட்டில் நோன்பில்லாத சின்னதின் உள்ளங்கையில்தான் ஒரு சொட்டு விடுவோம். போன வருஷம்வரை அந்த உத்தியோகம் ஃபயாஸுடையது. இன்று அவனுக்கு முதல் நோன்பு.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்தபோது பிள்ளையின் உதடு வெளுத்துவிட்டது. உரித்த பூண்டையே திரும்ப உரித்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"தண்ணி குடிச்சிரட்டும்ங்க. சின்னப்புள்ள, கடமையா இன்னா?"

"நீ சும்மா கெட. அண்ணன் வர்றச்சொல்ல இவன் சொம்பும் கையுமா நிப்பானா? டேய், சுகர வச்சிகினு நானே நோன்பு புடிக்கிறேன். ஒனக்கு இன்னாடா கேடு? ஆம்பளதான நீ?"

ஃபயாஸ் தலையை ஆட்டினான். எனக்குத் தெரியும், அவனுக்குச் சொர்க்கமும் வேண்டாம், பெருநாள் சட்டையும் வேண்டாம். பெரியத்தா முஸ்தகீம் முன்னால் அத்தா ஒரு வார்த்தை, 'என் புள்ள புடிச்சிட்டான்' என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எச்சிலைக்கூட விழுங்காமல் உட்கார்ந்திருந்தான். இந்த மனுஷனிடம் போய் அதை எதிர்பார்க்கிறானே என்று ஆத்திரமாக வந்தது. இவருக்குச் சர்க்கரை கூடிப்போய், நோன்பு வேண்டாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். நானும் கெஞ்சினேன். "என்னை யார்னு நெனச்ச?" என்று மீசையைத் தடவினார்.

முஸ்தகீம் மச்சான் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தார். கஞ்சி கொதித்து மணத்தது. ஷிபா ஒரு சொட்டு விட, ஜோயா நக்கிப் பார்த்தாள்.

"உப்பே இல்ல."

"ஒனக்கு இன்னாடி தெரியும்? நான் பாத்துப் பாத்து போடச் சொன்னது" என்றார் இவர். கரண்டியை வாங்கினார், கஞ்சியை உள்ளங்கையில் ஊற்றினார், உறிஞ்சினார், விழுங்கினார். "சரியாத்தான் கீது."

ஷிபா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் இவருக்கு உறைத்தது. கரண்டி கையிலேயே நின்றது.

மச்சான் நல்லவர். "உடு பஷீரு. மறந்து சாப்ட்டா நோன்பு முறியாதுப்பா" என்றார்.

"ஆமாண்ணே. நெனப்பில்லாம மறந்து..."

"அத்தா மத்தியானமும் மறந்துட்டாங்க" என்றாள் ஜோயா. "மாடில டேங்க் பின்னாடி கிரீம் பன்னு சாப்ட்டாங்க. எனக்கும் பாதி குடுத்தாங்க."

கிரீம் பன். அதுவும் சர்க்கரை வியாதிக்கு. முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கையாலேயே சோறு போட்டிருப்பேன். நோயாளிக்கு நோன்பு வேண்டாமென்று மார்க்கமே விட்டுக்கொடுத்த இடத்தில் இந்த மனுஷனுக்குப் பொய் எதற்கு? சே, இந்த வாயா என் பிள்ளையை ஆம்பளையா என்று கேட்டது.

ஃபயாஸ் அழவில்லை. அத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இவர் கைப்பேசியை எடுத்து எதையோ தேடினார்.

பாங்கு ஒலித்தது. பிள்ளை துஆ சொல்லிப் பழத்தைக் கடித்தான், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான். பிறகு கஞ்சியில் ஒரு வாய் எடுத்துவிட்டு, "ஜோயா சொன்னதுதான் கரெக்ட்டு" என்றான். எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்துவந்தான். பெரியத்தாவின் கோப்பையில் போட்டான், எனக்கும் ஷிபாவுக்கும் ஜோயாவுக்கும் போட்டான், கடைசியில் தனக்கும் போட்டுக்கொண்டான். இவர் கையை நீட்டினார்.

ஃபயாஸ் டப்பாவை மூடித் தன் மடிக்குள் வைத்துக்கொண்டு, குனிந்து கஞ்சியைக் குடித்தான். நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் அவர் உட்கார்ந்திருந்தார்.