பெரியக்கா உட்கார்ந்தால் நிற்கும் ஆறு

பெரியக்கா சைக்கிளை நிறுத்தியபோதெல்லாம் ஆறும் நின்றது. பயணத்தின் முதல் நாள் காலை, படகுத்துறையைத் தாண்டிய வளைவில், ஒரு வாய் தண்ணீர் குடிக்க அவர் காலை ஊன்றினார். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆறு, சுழலில் மாட்டிய ஒரு காய்ந்த இலை உட்பட, அப்படியே நின்றது. பாட்டிலை மூடிவிட்டு அவர் மிதித்ததும் அதுவும் கிளம்பியது. இரவிலும் நிற்கத்தான் செய்தது, ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கும் தேவைப்படாததால் யாரும் கவனிக்கவில்லை.

அவர் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பெரியக்கா என்பது அங்கே ஒட்டிக்கொண்ட பெயர். அந்தக் கூடத்தில் நாற்காலி கிடையாது. ஓடுகிற இயந்திரத்துக்கு முன்னால் உட்காரக் கூடாது என்பது அங்கே பழக்கம். வீட்டில் நாற்காலிகள் இருந்தன, ஆனால் அவற்றில் எப்போதும் மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஓய்வு பெற்றதும் மகள் இந்த ஆற்றங்கரை சைக்கிள் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். வழிகாட்டி என்று யாரும் வரமாட்டார்கள். ஒரு வரைபடமும் இரண்டு சைக்கிளும் கொடுப்பார்கள், பெட்டிகளை வேனில் அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள், இஷ்டப்படி மிதித்து இஷ்டப்படி நின்று பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தால் போதும். இஷ்டப்படி நிற்கலாம் என்பதைக் கேட்டுத்தான் பெரியக்கா தலையாட்டினார்.

அவருடைய கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நடந்தாலும் சைக்கிளில் போனாலும் மனைவிக்கு முன்னால் போகிறவர். கோளாறு என்று ஒன்று இருந்தால் அது இயந்திரத்தில்தான் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. இரண்டாம் நாள் விஷயம் தெரிந்ததும் மனைவியின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினைக் கழற்றி மாட்டி, எண்ணெய் விட்டுப் பார்த்தார். பிறகு சைக்கிளை மாற்றிக்கொண்டார்கள். அவர் நின்றபோது ஆறு கண்டுகொள்ளவே இல்லை. பெரியக்கா நின்றதும் நின்றது. ரொம்ப நேரம் மோவாயைத் தடவிவிட்டு, மனைவியின் சைக்கிளிலிருந்து பிரேக் கட்டைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நிக்கவே முடியலேன்னா பிரச்சினையே இல்ல பாரு" என்றார். பெரியக்கா அந்த சைக்கிளிலேயே ஏறி மிதித்தார்.

மூன்றாம் நாள் காலை, கரையில் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டு, ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் விடுதிக்கு வந்தார்கள். ஆற்றுத் தண்ணீரில் சக்கரம் சுற்றும் மாவு மில்லின் முதலாளி, ஒரு படகோட்டி, வலை போடுகிறவர்கள் இருவர். ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. அது அவர்களுக்கு முக்கியமாகப் படவில்லை. "தப்பா நினைக்காதீங்கம்மா, மத்தியானம் நீங்க கண்ணசந்தா எங்க சக்கரமும் தூங்கிடுது" என்றார் மில்காரர், மிகப் பணிவாக. சீட்டுக்கு மெத்தை தைத்தே கொண்டுவந்திருந்தார். பெரியக்காவுக்குப் பதிலாகப் படகோட்டியின் மைத்துனன் அந்த சைக்கிளை ஓட்டிப் பார்த்தான். வியர்த்ததுதான் மிச்சம். மெக்கானிக் மகளுக்குப் போன் போட்டு, போனை மனைவியிடம் கொடுத்தார். "கொஞ்சம் மிதிச்சுக்கிட்டே இருந்தா என்னம்மா? உடம்புக்கும் நல்லதுதானே" என்றாள் மகள். ஊர்க்காரர்கள் கேட்டது பெரியக்காவுக்கு உறைக்கவில்லை. பெற்ற பெண் கேட்டது மனதில் தைத்தது.

நான்காம் நாள் அவர் நிற்காமல் மிதித்தார். ரொட்டியை ஒரு கையால் தின்றார். ஆறு நன்றாக ஓடியது, கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். மதியத்துக்குள் வலது முட்டி வீங்கி, மிதிக்கும்போதெல்லாம் உயிர் போனது. நிழலான ஒரு மரத்தைக் கண்டதும், பிரேக் இல்லாததால், பக்கத்தில் குவித்திருந்த புல்லுக்குள் சைக்கிளோடு போய் விழுந்தார். எழுந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டி உட்கார்ந்தார். ஆறு நின்றது.

வெகு தூரம் முன்னால் போயிருந்த மெக்கானிக், பக்கத்தில் தண்ணீர் நின்றதைப் பார்த்துத் திரும்பி வந்தார்.

"எழுந்திரு. கீழ நாலு ஊரு காத்துக்கிட்டிருக்கு."

"காத்துக்கிட்டிருக்கட்டுங்க" என்றார் பெரியக்கா. "அதுவும் பாவம், எத்தனை காலமா ஓடிக்கிட்டே இருக்கு. கூட உட்கார ஒரு ஆளு கிடைச்சதும் நின்னுடுச்சு. நான் எழுந்திருக்க மாட்டேன்." சொல்லிவிட்டு அழுதார். முப்பது வருட அலுப்பு மொத்தமும் அதில் இருந்தது. மெக்கானிக் அப்போதுதான் அந்த முட்டியைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து பிரேக் கட்டைகளை எடுத்து, சைக்கிளைப் புல்லில் சாய்த்து, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினார். மாட்டி முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

விடுமுறையின் மிச்ச நாட்களை அங்கேயே கழித்தார்கள். வேன்காரர் பெட்டிகளைப் பக்கத்து விடுதிக்கே கொண்டுவந்து வைத்தார். கீழே இருந்தவர்கள் முதல் நாள் திட்டினார்கள். மறுநாள் மில்காரர், வருடக்கணக்காகக் கை வைக்க முடியாமலிருந்த சக்கரத்தின் விரிசல் பலகையை மாற்றினார். படகோட்டி படகைக் கவிழ்த்துத் தார் பூசினார், பிறகு அதன் நிழலிலேயே படுத்துக் குறட்டை விட்டார். பெரியக்கா ரயிலேறியதும் ஆறு பழையபடி தானாக ஓடியது.

அதன் பிறகு வருடா வருடம் அதே வாரம் போனார்கள். கீழ்ப்பக்கத்தில் பழுது வேலைகளையெல்லாம் அந்த வாரத்துக்கென்று ஒதுக்கிவைக்கப் பழகிக்கொண்டார்கள். முட்டியில் அறுவை சிகிச்சை நடந்த வருடம் மட்டும் பெரியக்காவால் போக முடியவில்லை. அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, மெக்கானிக் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மில்காரர் போன் செய்தார்.

"அம்மா, இங்க ஆறு நின்னுடுச்சு. நீங்க உட்கார்ந்திருக்கீங்களா?"

"ஆமா, உட்கார்ந்துதான் இருக்கேன்" என்றார் பெரியக்கா, நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டு.

"சரிம்மா, உட்காருங்க. நாங்க சக்கரத்துக்கு பெயின்ட் அடிச்சுக்கிறோம்."