நிக்கல் கம்பியும் சனிக்கிழமைப் படகும்

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று சொந்தப் பற்களின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். பொய்ப்பற்களை இதில் சேர்க்கவில்லை என்பதிலிருந்தே என் நேர்மை உங்களுக்கு விளங்கியிருக்கும்.

மார்ஷ்விக் படகுத்துறைக்கு எந்தச் சனிக்கிழமை சாயங்காலம் போனாலும் நெவில் ஸ்டப்ஸ் அங்கே இருப்பான். ஆற்றில் சேறு வாரும் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கயிறு கட்டும் இரும்புத் தூணின் மேல் உட்கார்ந்து, எதிர்க்கரையில் தோர்ன்பியின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு நிமிஷம். வெறும் ரெண்டு நிமிஷம் பொறுத்திருக்கலாம்" என்பான். பக்கத்தில் யாராவது நின்றால் முழுக்கதையும் வரும். யாரும் நிற்காவிட்டால் கடற்பறவைகளுக்குச் சொல்வான். அவையும் பாதியில் எழுந்து போய்விடும்.

எல்லாம் வின்னி கார்சைடால் வந்தது. துறைமுகத் தெருவில் மீன் வறுவல் கடை வைத்திருந்த வின்னி, நெவிலோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவள் புருஷன் படுக்கையில் சிகரெட் பிடித்தே இரண்டு மெத்தைகளையும் ஒரு திரைச்சீலையையும் எரித்து, கடைசியில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். நெவிலும் தனிக்கட்டை. தினமும் அவள் கடையில் மீனும் உருளைக்கிழங்கும் வாங்கித் தின்று, ஒருநாள் வினிகர் பாட்டிலை நீட்டும்போதே, "மிச்ச காலத்தைச் சேந்து கழிச்சா என்ன?" என்று கேட்டுவிட்டான்.

"முதல்ல அந்தச் சிகரெட்டை விடு. அப்பறம் பேசு" என்றாள் வின்னி.

விட்டான். 'வேப்' என்கிற மின்சிகரெட்டுக்கு மாறினான். ஆனால் பழைய பழக்கத்தில் ஆழமாக இழுப்பான். அதன் கம்பிச்சுருளுக்குள் திணித்திருக்கும் பஞ்சில் திரவம் தீர்ந்தது தெரியாமல் இழுத்துக்கொண்டே இருப்பான். பஞ்சு கருகும். எரிந்த கந்தல் துணி நாற்றம் வரும். ஒரு தடவை கிளப்பில் பிங்கோ ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது நெவில் இழுத்த இழுப்பில், சமையலறையில் தீப்பிடித்துவிட்டது என்று சபையையே மழையில் வெளியேற்றினார்கள். வின்னியின் அட்டையில் அப்போது பரிசு விழ ஒரே ஓர் எண்தான் பாக்கி.

"ஒரு நம்பர் நெவில்! ஒரே ஒரு நம்பர்!" என்றாள், தலையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு. "இங்க பாரு. நான் தோர்ன்பிக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். சனிக்கிழமை சாயங்காலப் படகுல வருவேன். இறங்கினதும் உன்னை மோந்து பாப்பேன். கருகல் வாடை இல்லைன்னா நீ கேட்டதுக்கு என் பதில் 'சரி'. இருந்துச்சுன்னா அதே படகுல திரும்பிப் போயிடுவேன். அக்கா வீட்டுல ஒரு ரூம் காலியா கிடக்கு."

நெவில் நேராக டான்யாவின் வேப் கடைக்குப் போனான். டான்யாவுக்கு முப்பது வயது இருக்கும். கை முழுக்க ஆக்டோபஸ் உருவம் பச்சை குத்தியிருப்பாள். வருகிறவர் மேயரானாலும் மீன்காரனானாலும் அவளுக்குக் 'கண்ணு'தான்.

"மறுபடி பஞ்சைக் கொளுத்திட்டீங்களா, கண்ணு?"

"கருகாம இழுக்க ஏதாவது வழி இருந்தா சொல்லும்மா. கல்யாண விஷயம்."

"டெம்பரேச்சர் கன்ட்ரோலுக்கு மாறுங்க. உங்க மிஷின்லயே அந்த வசதி இருக்கு, ஆனா கம்பியை மாத்தணும். இப்ப நீங்க போட்டிருக்கறது குரோமியக் கம்பி. சூடு ஏறினாலும் அது வெளிய காட்டிக்காது. நிக்கல் அப்படி இல்ல. சூடு ஏற ஏற அதோட மின்தடையும் ஏறும். மிஷின் அதை வச்சே கணக்குப் போட்டு, போதும்னு கரண்டைக் குறைச்சுடும். பஞ்சு தப்பிச்சுது."

"டைட்டானியம்னு ஒண்ணு தொங்குதே?"

"நல்ல கம்பிதான். ஆனா சிவக்கச் சிவக்கக் காய்ச்சக் கூடாது. உங்க கையில குடுத்தா காய்ச்சுவீங்க."

"ஸ்டீல்?"

"உங்க மிஷின் பழைய மாடல். அதுக்கு ஸ்டீல் கணக்கு தெரியாது. நிக்கலே எடுத்துக்கங்க. என்ன, ரொம்ப மெத்துனு இருக்கும். அழுத்திப் பிடிச்சா வளைஞ்சு குடுத்துடும்."

"வின்னிக்கு நேர் எதிர்னு சொல்லு."

டான்யா சிரித்துக்கொண்டே கம்பி உருளையைப் பையில் போட்டாள். போட்டவள் கையை எடுக்கவில்லை. "ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. புதுச் சுருளை மாட்டினதும், ஜில்லுனு இருக்கறப்பவே லாக் பட்டனை அமுக்கணும். அப்பத்தான் மிஷின் அந்த அளவைக் குறிச்சு வச்சுக்கும். ருசி பாக்கறேன்னு ஒரு இழுப்பு இழுத்துட்டு அமுக்கினீங்க, செத்தீங்க. சூடா இருக்கற கம்பியைத்தான் ஜில்லுனு இருக்கறதா மிஷின் நம்பும். அப்பறம் அது போடற கணக்கெல்லாம் தப்பாயிடும்."

"நான் என்ன குழந்தையா?"

"குழந்தைன்னா சொன்ன பேச்சைக் கேக்கும், கண்ணு."

இனி நெவில் சொல்வது. தொடைப் பருமன் வடக்கயிறு சுற்றிப் பழகிய கைகளுக்குத் தலைமுடிப் பருமன் கம்பி அடங்கவில்லையாம். கப்பலைக் கட்டுகிற முடிச்சிலேயே சுருளைப் போட்டு, பஞ்சு திணித்து, ருபார்ப் கஸ்டர்டு வாசனைத் திரவத்தை ஊற்றிக்கொண்டு துறைக்கு வந்துவிட்டான். அப்போது படகு நடு ஆற்றில். முன்தட்டில் வின்னியின் பச்சைத் தொப்பி தெரிந்தது.

திடீரென்று சந்தேகம். கருகினால்? ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தான். தேனாக இருந்தது. அப்புறம்தான் லாக் ஞாபகம் வந்தது. சுருளோ சூடு. ஆற இரண்டு நிமிடம் ஆகும். படகு நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் பட்டனை அமுக்கிவிட்டான்.

அடுத்த இழுப்பில் மிஷின், இன்னும் ஜில்லென்றே இருக்கிறது, இன்னும் கொடு என்று கரண்டை வாரி இறைத்தது. நெவில் வாயைத் திறந்தான். மேகம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. முதலில் டீக்கடை மறைந்தது, பிறகு துறை, பிறகு நகரமன்றக் கடிகாரம். பறக்க வழி தெரியாத பறவைகள் தரையிறங்கி வரிசையாக நடந்து வீட்டுக்குப் போயின. தபால்காரர் ஒரு குதிரையிடம் மின்சாரக் கட்டண ரசீதைக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். உலாத்த வந்த நாய்கள் ஆள் மாறி வேறு எஜமானர்களை வீட்டுக்குக் கூட்டிப்போயின. மறுநாள் ஒருவர் மட்டும் திருப்பித் தர மறுத்துவிட்டாராம், இந்த நாய்தான் தன்னை மதிக்கிறது என்று.

ஆற்றிலிருந்து சங்கு ஊதியது. தொடர்ந்து படகோட்டி ஸ்வேல்ஸின் குரல்: "டேய் மார்ஷ்விக்! உங்க ஊரை எங்கடா கொண்டு வச்சீங்க?"

"இங்கதான் இருக்கு! நேரா வா!" என்று நெவில் கத்தினான். கத்த வாயைத் திறந்ததில் இன்னும் ஒரு தெரு மறைந்தது.

"நெவில்? அங்க நீதானா?" வின்னியின் குரல்.

பதில் சொன்னால் மேகம் கூடும், சொல்லாவிட்டால் அவள் போய்விடுவாள். நெவில் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். காது வழியாகக் கசிந்தது.

"இருக்கியா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லேன்!"

அவன் வாயை இன்னும் இறுக்கிப் பொத்தினான். பிறகு படகின் இயந்திரம் சுருதி மாறியது. திரும்பிப் போகிற சத்தம் எது என்று, ஆற்றிலேயே காலம் கழித்த அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த வசந்தத்தில் வின்னி தோர்ன்பித் துறையில் டிக்கெட் கிழிப்பவனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்குப் புதினா மிட்டாய் சப்புவதைத் தவிர வேறு பழக்கம் இல்லையாம். மீன் வறுவல் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போது நெவில் இன்னும் வாசலில் நடை தளர்ந்து, எண்ணெய் வாசனைக்காக மூக்கைத் தூக்குகிறான். ஒன்றும் வராது. காலருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு துறைக்கு நடப்பான்.

"அவ கூப்பிட்டப்ப வாயைத் திறந்திருக்கலாம்" என்பான் சில நாள். "ஊரே மறைஞ்சா மறையட்டும்னு, இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனா அதுக்கும் முன்னால, அந்த ரெண்டு நிமிஷம். கம்பி ஆற விட்டிருந்தா, இந்நேரம் என்னைச் சட்டை தோய்க்கச் சொல்லித் திட்டிக்கிட்டிருப்பா."

கேட்பவர்கள் குதிரை வரும் இடத்தில் சிரிப்பார்கள். நாய் வரும் இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். டான்யா மட்டும் எந்த இடத்திலும் சிரிப்பதில்லை. தன் கடையில் அவன் கதை சொல்லி முடிக்கும்வரை கண்ணாடி மேஜையைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். முடிந்ததும் ஒரு பொட்டலம் புதுப் பஞ்சை அவன் பக்கம் தள்ளி, "பாத்து இழுங்க, கண்ணு" என்பாள்.

அவள் அன்று விற்ற நிக்கல் கம்பி உருளை நெவிலின் கோட்டு உள்பையில் இருக்கிறது, ஒரு சுற்றுக்கூடக் குறையாமல், மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை இன்றுவரை பிரிக்கப்படாமல்.