குளியலறையின் நாலாவது ஸ்க்ரூ

பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் போன பிறகும், என் வீட்டுக்காரர் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் குளிக்கிறார். என்னை உள்ளே விடுவதில்லை. போன வாரம் வழுக்கி விழுந்தார். தலை தப்பியதே பெரிய விஷயம். அன்றிலிருந்து அவர் குளித்து முடிக்கும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறேன்.

பிடித்துக்கொள்ளச் சுவரில் மாட்டும் கைப்பிடி ஒன்று வாங்கி வந்தேன். மாட்ட வேண்டிய இடத்தில் துண்டு போடும் பழைய கம்பி இருந்தது. இன்று காலை நான் கடைக்குப் போன நேரம் பார்த்து, இடது கையால் அவரே அதைக் கழற்றியிருக்கிறார். மூன்று ஸ்க்ரூ வந்துவிட்டது. நாலாவதின் தலையை மழுக்கி வைத்திருந்தார். முப்பது வருஷம் தச்சு வேலை பார்த்த மனுஷர்!

"ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"நான் மாட்டின கம்பி. இன்னொருத்தன் எதுக்கு?"

வீம்புக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

மாத்திரை அட்டைகளைச் சுற்றியிருந்த பட்டையான ரப்பர் பேண்டைக் கேட்டார். ஸ்க்ரூ தலைமேல் அதை வைத்து ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால், தேய்ந்த பள்ளத்தை ரப்பர் அடைத்துப் பிடிமானம் கொடுக்குமாம். அவர் திருப்பியதில் ரப்பர்தான் கிழிந்தது. நான் தையல் மெஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, சுத்தியலால் லேசாகத் தட்டினேன். இன்னொரு ரப்பரை வைத்து நானே முயன்றேன். கை வழுக்கியதுதான் மிச்சம்.

ஸ்க்ரூடிரைவரை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"திருப்பறதுக்கு என் கை போதும்," என்றார், சுவரைப் பார்த்தபடியே. "அமுக்கத்தான் ஆள் வேணும்."

ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, என் பாரம் முழுவதையும் போட்டேன்.

"இத்தனை வருஷமா குண்டு குண்டுன்னு கேலி பண்ணீங்களே, இப்ப எது உதவுது?"

சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இன்றுதான் அவர் சிரித்துப் பார்க்கிறேன். சிரித்துக்கொண்டே திருப்பினார். கிரீச்சென்று ஸ்க்ரூ அசைந்தது. பிறகு அரைச் சுற்று, ஒரு சுற்று என்று வெளியே வந்தது.

கம்பியைக் கீழே வைத்தேன். அவர் நகராமல் நின்றார்.

"முதுகுல சோப்பு பட்டு ரெண்டு மாசமாச்சு," என்றார். "கை எட்டல."

திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் சோப்பைத்தான் எடுத்தேன். குழாயைத் திறந்துவிட்டு, "சட்டையைக் கழட்டுங்க," என்றேன்.